வடக்கு ஜன்னலும் ஏ-3 பல்லும்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "கல்லூரியைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஆனா ஹாஸ்டல் மெஸ் கதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஏழு வந்து கிடக்கு" என்றார். மெஸ் சாம்பாரை விட்டால் எழுத என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஒரு ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது.

1980-களில் படித்தவர்களுக்கு அது நிச்சயம் நினைவிருக்கும். ப்ராஸ்தடிக்ஸ் பிரிவின் கோடியில், பிளாஸ்டர் ரூமை ஒட்டி, வடக்குப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். அதன் முன்னால் காலாடும் ஒரு மர ஸ்டூல். "ஷேட் பார்க்கணுமா? ஜன்னலுக்குக் கூட்டிட்டுப் போ" என்பார்கள் ஆசிரியர்கள். ஏன் அந்த ஜன்னல், ஏன் வடக்கு என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கல்லூரியில் பாதி விஷயம் அப்படித்தானே நடந்தது!

சென்ற முறை அங்கே போனபோது பார்த்தேன். ஏ.சி. போட்டதால் அந்த ஜன்னலை பிளைவுட் வைத்து அடைத்துவிட்டார்கள். கூரை முழுவதும் எல்.இ.டி. பேனல்கள். வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. அதன் கீழே ஒரு மாணவி, நோயாளியின் பல்லுக்குப் பக்கத்தில் ஷேட் கைடைப் பிடித்துக்கொண்டு ஏ-2வா, ஏ-3யா என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், எனக்கு இது மட்டும் வரவே மாட்டேங்குது. எங்கண்ணுதான் சரியில்லைன்னு நினைக்கிறேன்" என்றார்.

முப்பத்தைந்து வருஷத்துக்கும் முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

வெளியே வந்தா வேற பல்லு

1989. நான் ஹவுஸ் சர்ஜன். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணை அவருடைய அம்மா கூட்டி வந்திருந்தார். சின்ன வயதில் கீழே விழுந்து, மேல் முன்பல் கறுத்துப் போயிருந்தது. வேர் சிகிச்சை முடிந்து, உலோகத்தின் மேல் பீங்கான் சுட்ட கிரவுன் வைக்க வேண்டும். பல்லைச் சீவி அளவெடுத்து முடிக்கும்போது மாலை ஐந்தே முக்கால். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் ஷேட் பார்த்து லேபுக்கு எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து கிரவுன் வந்தது. அதே மாலை நேரம், அதே டியூப் லைட். அச்சுப் போல் பொருந்தியது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நடந்து ஹாஸ்டலுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை இருவரும் வந்து நின்றார்கள். "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டுக்குள்ள நல்லாத்தான் இருக்கு. வாசலுக்கு வந்தா அந்த ஒத்தப் பல்லு மட்டும் வேற மாதிரி தெரியுது" என்றார் அம்மா. எனக்குப் புரியவில்லை. எங்கள் சீஃப் அந்தப் பெண்ணை ஜன்னல் பக்கம் நிறுத்திப் பார்த்தார். மற்ற பற்கள் மஞ்சள் கலந்த வெள்ளை. என் கிரவுன் சாம்பல் பூத்திருந்தது. "என்னய்யா இது? கண்ணைத் தொறந்து வச்சுத்தான் பார்த்தியா?" என்று அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார்.

காலை வெளிச்சத்தில் திரும்ப ஷேட் பார்த்து, புதுக் கிரவுன் வைத்து அனுப்பினோம். ஆனால் என் கண்ணில் ஏதோ கோளாறு என்ற எண்ணம் மட்டும் ரொம்ப வருஷம் போகவில்லை. முன்பல் கேஸ் என்றாலே வேறு யாரிடமாவது தள்ளிவிடப் பார்ப்பேன்.

இன்று யோசித்தால், அந்தக் காரணத்தை அம்மா அன்றே சொல்லிவிட்டார். வீட்டுக்குள் ஒரு மாதிரி, வாசலில் ஒரு மாதிரி. கோளாறு கண்ணில் இருந்தால் இரண்டு இடத்திலும்தானே தெரிய வேண்டும்?

புடவைக் கடை விதி

நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். பட்டுப் புடவை எடுக்கப் போனால், கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், "கொஞ்சம் வெளிய கொண்டு போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று புடவையையும் ஜாக்கெட் துணியையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரரும் தடுக்க மாட்டார். உள்ளே ஒரே அரக்காகத் தெரிந்த இரண்டும் வெயிலில் வேறு வேறாகத் தெரியும்.

இதற்கு விஞ்ஞானத்தில் மெட்டமெரிசம் என்று பெயர். நியூட்டன் 1666 வாக்கில் முப்பட்டகத்தை வைத்து, வெள்ளை வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் கலந்திருக்கிறது என்று காட்டினார். 1704-ல் ஒளியியல் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. ஒரு பொருளுக்கு நிறம் என்பது, விழும் வெளிச்சத்தில் எந்தெந்தப் பகுதியை அது திருப்பி அனுப்புகிறது என்பதுதான். பீங்கானும் பல்லும் ஒன்றல்ல. அவை திருப்பி அனுப்புவதும் ஒன்றல்ல. ஒரு விளக்கின் கீழ் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். விளக்கு மாறினால் குட்டு உடைந்துவிடும். ஆக, ஷேட் மேட்சிங்கில் கண், பல், ஷேட் கைடு என்று மூன்றை மட்டும் எண்ணினால் போதாது. வெளிச்சத்தையும் சேர்த்து நான்கு. நான்காவதை நம்மில் பலர் எண்ணவே இல்லை.

ஓவியரும் சாயக்காரரும் தந்த பாடம்

வடக்கு ஜன்னல் பல் மருத்துவம் கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பிய ஓவியர்களிடமிருந்து வந்தது. அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தென்திசையில்தான் நிற்கும். வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் வராது, வானத்து வெளிச்சம் மட்டும் வரும். காலையிலிருந்து மாலை வரை அது அதிகம் மாறுவதில்லை. அதனால் ஓவியக்கூடங்களை அப்படிக் கட்டினார்கள். பஞ்சைத் தரம் பிரிப்பவர்களும் துணிக்குச் சாயம் பார்ப்பவர்களும் அதையே பின்பற்றினார்கள். நமக்கும் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

சாயக்காரர்களிடமிருந்து இன்னொரு பாடமும் வந்தது. பாரிசில் கோபெலின் என்ற அரசு நெசவுக் கூடத்தில் சாயப் பிரிவுக்கு 1824-ல் பொறுப்பேற்றவர் ஷெவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர். அங்கே கறுப்பு நூல் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் பிழையே இல்லை. பக்கத்தில் இருந்த மற்ற நிற நூல்கள் கறுப்பை அப்படிக் காட்டின. 1839-ல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். நோயாளியின் லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொல்வதும், பளிச்சென்ற புடவையின் மேல் சாம்பல் நிறத் துணி போர்த்தச் சொல்வதும் இதனால்தான். அந்தக் கல்யாணப் பெண் கழுத்தில் பச்சைத் துணியைக் கட்டிவிட்டு, பச்சை ஸ்கிரீன் பக்கத்தில் உட்கார வைத்து நான் ஷேட் பார்த்தது இப்போது ஞாபகம் வருகிறது!

அடுத்து வந்தவர் ஆல்பர்ட் மன்செல். அமெரிக்க ஓவியர், ஓவிய ஆசிரியரும்கூட. நிறத்தைப் பற்றி மாணவர்களிடம் பேச ஒழுங்கான மொழி இல்லையே என்ற குறையில், 1905-ல் ஒரு முறையை வெளியிட்டார். எந்த நிறமானாலும் மூன்று அளவு சொன்னால் போதும். ஹியூ, அதாவது சிவப்பா மஞ்சளா என்பது. வேல்யூ, அதாவது எவ்வளவு வெளிச்சம் அல்லது இருட்டு என்பது. குரோமா, அதாவது நிறம் எவ்வளவு அடர்த்தி என்பது. வைவாவில் நம்மைத் திணற அடித்த அதே மூன்று வார்த்தைகள்.

1931-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் புரூஸ் கிளார்க், பல்லின் நிறத்தை இந்த மூன்று அளவுகளில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1973-ல் ராபர்ட் ஸ்ப்ரௌல் என்பவர் ப்ராஸ்தடிக்ஸ் இதழில் தொடர் கட்டுரை எழுதி, நாம் கையில் வைத்திருக்கும் ஷேட் கைடுகள் நிறங்களின் ஒழுங்கில் அடுக்கப்படவில்லை என்று சொன்ன பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது.

பீங்கானுக்கு வந்த பவிசு

கிளார்க்கை ஏன் அப்போது யாரும் கேட்கவில்லை? முன்பல்லில் பக்கத்துப் பல்லோடு போட்டி போடும் கிரவுன் அன்றைக்கு அவ்வளவு பரவலாக இல்லை. முழுப் பல்செட் என்றால் எல்லாப் பல்லும் ஒரே டப்பாவிலிருந்து வரும். தம் பல் எது, கட்டிய பல் எது என்று ஒப்பிட ஆளில்லை.

1956-ல் ஜெர்மனியின் வீட்டா கம்பெனி 16 ஷேடுகள் கொண்ட கைடைக் கொண்டுவந்தது. ஏ-1 முதல் டி-4 வரை நாம் மனப்பாடம் செய்தது அதைத்தான். ஏ வரிசை சிவப்பும் பழுப்பும், பி சிவப்பும் மஞ்சளும், சி சாம்பல், டி சிவப்பு கலந்த சாம்பல். 1962-ல் உலோகத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் முறைக்கு வைன்ஸ்டீன் குழுவினர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். உறுதியும் அழகும் சேர்ந்த கிரவுன் ஊர் ஊராகப் பரவியது. ஒற்றை முன்பல் பிரச்சினையும் கூடவே பரவியது.

பல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. அல்ட்ரா வயலட் பட்டால் தானே நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். பகல் வெளிச்சத்திலும் கொஞ்சம் அல்ட்ரா வயலட் உண்டு. பழைய பீங்கானுக்கு அந்த குணம் இல்லை. நாடக மேடையின் நீல விளக்கில் கட்டிய பல் கறுத்துத் தெரியும். இதைச் சரிக்கட்ட ஒரு காலத்தில் பல் பீங்கானில் கொஞ்சம் யுரேனியமே சேர்த்தார்கள் என்றால் இன்றைய மாணவர்கள் நம்புவார்களா? கதிரியக்கம் பற்றிய கவலை வந்த பிறகு அதைக் கைவிட்டு, செரியம் போன்ற அருமண் தனிமங்களுக்கு மாறினார்கள். விளக்கு மாறினால் பல் மாறித் தெரிகிறது என்ற ஒரே பிரச்சினைக்கு நம் தொழில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

'டே லைட்' என்று எழுதிய டியூப்

இனி விளக்குகளின் கதை. 1879-ல் எடிசன் காட்டிய பல்பும் அதன் சந்ததியும் மஞ்சள் வெளிச்சக்காரர்கள். நீலம் குறைவு, சிவப்பு நிறைய. அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பல்லையும் வெள்ளைப் பல்லையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 1938-ல் அமெரிக்காவில் ஃப்ளோரசன்ட் குழல் விற்பனைக்கு வந்தது. நம் டியூப் லைட்டின் தாத்தா. குறைந்த செலவில் நிறைய வெளிச்சம். ஆனால் அந்த வெளிச்சத்தில் சில நிறங்கள் தூக்கலாகவும் சில நிறங்கள் பள்ளமாகவும் இருக்கும்.

எந்த விளக்கில் பார்த்து நிறம் சொல்வது என்று உலகம் முழுக்கத் தகராறு. சர்வதேச ஒளியியல் ஆணையம் 1931-ல் முதல் முறையாக மூன்று அளவுகோல் வெளிச்சங்களை நிர்ணயித்தது. கிளார்க் எழுதிய அதே வருஷம்! அவற்றில் பகல் வெளிச்சத்தின் கணக்கு, அல்ட்ரா வயலட் பகுதியில் குறைபட்டது. 1964-ல் ஜட், மக்காடம், விஸெக்கி என்ற மூவர் 622 பகல் வெளிச்ச அளவீடுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். டி-65 என்ற பகல் வெளிச்சத் தரம் அதிலிருந்துதான் பிறந்தது. அதன் நிறவெப்பம் சுமார் 6500 கெல்வின்.

நிறவெப்பம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 1965-ல் அதே ஆணையம் நூற்றுக்கு மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தது. சி.ஆர்.ஐ. என்பது அதுதான். பகல் வெளிச்சத்துக்கு 100.

இங்கேதான் நான் தலையில் அடித்துக்கொண்டேன். 1989-ல் எங்கள் பிரிவில் எரிந்த டியூப் லைட்டின் ஓரத்தில் 'கூல் டே லைட்' என்று அச்சடித்திருக்கும். பகல் வெளிச்சம் என்று கம்பெனியே சொல்கிறதே, பிறகென்ன என்று நம்பினோம். அதன் நிறவெப்பம் 6500 கெல்வின்தான், பொய்யில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சாதாரணக் குழல்களின் சி.ஆர்.ஐ. 70-ஐ ஒட்டியே இருக்கும். பெயர் பகல். மார்க் செகண்ட் கிளாஸ். என் கிரவுன் டியூப் லைட்டில் பாஸாகி, சூரியனிடம் ஃபெயிலானது இதனால்தான்.

நம்ம ஊர் வடக்கு வேற வடக்கு

அப்படியானால் வடக்கு ஜன்னலே போதுமா? அங்கேயும் ஒரு சங்கதி இருக்கிறது. இதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பஞ்சாங்கத்தையும் பூகோளப் புத்தகத்தையும் வைத்து நானே கணக்குப் போட்டேன்.

வடக்கு ஜன்னல் விதி கடக ரேகைக்கு மேலே இருக்கும் ஊர்களுக்கானது. லண்டனிலும் பாரிசிலும், ஏன், தில்லியிலும்கூட நண்பகல் சூரியன் வருஷம் முழுக்க தெற்கே சாய்ந்துதான் நிற்கும். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே போய்விடும். கத்திரி வெயில் நாட்களில், காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே விழும். ஐரோப்பாவில் வெயிலுக்கு மறைவாக இருந்த ஜன்னல், நம் ஊரில் நாலு மாதம் வெயிலுக்கே வாசல்!

டி-65-க்கு அடிப்படையான அந்த 622 அளவீடுகளும் கனடாவின் ஒட்டாவா, அமெரிக்காவின் ராச்செஸ்டர், இங்கிலாந்தின் என்ஃபீல்ட் ஆகிய ஊர்களில் எடுக்கப்பட்டவை. மூன்றும் குளிர் தேசங்கள். நம் நாட்டு வானத்தை யாராவது அளந்தார்களா என்று தேடினேன். அளந்திருக்கிறார்கள். தில்லியின் வடக்கு வானத்தைப் பற்றி 1966-லும், வெப்பமண்டலப் பகல் வெளிச்சத்தைப் பற்றி 1968-லும் சாஸ்திரி, தாஸ் என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள் அமெரிக்க ஒளியியல் இதழில் எழுதியிருக்கிறார்கள். நான் படித்த காலத்தில் இது லைப்ரரியில் இருந்திருந்தாலும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. நம் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய வேப்பமரம் நின்றது. அதன் நிழலில் டீ குடித்தவர்கள் நாம். இலை வழியாக வந்த வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும் என்று அப்போது யாருக்குத் தோன்றியது? ஆக, நான் கும்பிடும் அந்த ஜன்னலும் குறை இல்லாததல்ல. நேரம், மாசம், மேகம், மரம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அதை நம்ப வேண்டும். ஆனாலும் டியூப் லைட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

கண்ணா, விளக்கா?

கண்ணில் கோளாறே இருக்காதா என்று கேட்கலாம். இருக்கும். வேதியியல் மேதை ஜான் டால்டன் 1794-ல் தன் கண்ணுக்கே சில நிறங்கள் தெரிவதில்லை என்று மான்செஸ்டரில் ஒரு சபையில் விளக்கினார். அவர் இறந்த பின் பாதுகாத்து வைத்திருந்த கண்ணிலிருந்து 1995-ல் மரபணு எடுத்துச் சோதித்து, அவர் சொன்னது நிஜம்தான் என்று உறுதி செய்தார்கள். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு 8 பேருக்கு சிவப்பு-பச்சைக் குறை உண்டு. பெண்களில் 200-க்கு ஒருவர்தான். மற்ற இனத்தாரிடம் ஆண்களின் கணக்குச் சற்றுக் குறைவு. 1917-ல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்களை வைத்து ஐந்து நிமிஷத்தில் இதைக் கண்டுபிடிக்கலாம். நான் என் கண்ணை அப்படிச் சோதித்துக்கொண்டது நாற்பது வயதில். ஒரு குறையும் இல்லை!

2006-ல் ஒரு ப்ராஸ்தடிக்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. அதில் கலந்துகொண்டவர்கள் பல் மருத்துவ மாணவர்களே. பகல் வெளிச்சத்தைப் போல் திருத்தப்பட்ட கைவிளக்கைக் கொடுத்ததும் அவர்கள் ஷேட் பொருத்துவது மேம்பட்டது. கண் அதே கண், ஆள் அதே ஆள். மாறியது விளக்கு.

இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வேறொரு முகம் ஞாபகம் வந்தது.

1990-களின் கடைசியில் நான் கொஞ்ச காலம் ட்யூட்டராக இருந்தேன். ஒரு நவம்பர் மாதம், மழை நாள், மாலை நாலரை மணிக்கு ஒரு மாணவர் நாற்காலியிலேயே டியூப் லைட்டில் ஷேட் பார்த்து எழுதிக் கொடுத்தார். நான் மறுநாள் காலை அதே நோயாளியை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஷேட் தள்ளியிருந்தது. ரெக்கார்டில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். அது மட்டுமா? எல்லார் முன்னாலும், "கண்ணை எங்கய்யா வச்சிருக்கே?" என்றும் கேட்டேன். எனக்குக் கிடைத்ததை அப்படியே அவருக்குக் கொடுத்தேன். அவர் கையில் வேலை சுத்தம். ஆனால் அதற்குப் பிறகு ப்ராஸ்தடிக்ஸ் பக்கமே வரவில்லை.

அவர் அவருடைய விளக்கில் சரி. நான் என்னுடைய விளக்கில் சரி. இருவரும் ஒரே வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை. அதைக் கவனிக்க வேண்டியது மாணவரா, ட்யூட்டரா? நண்பரே, இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால், அன்றைய கவனக்குறைவு என்னுடையது என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

இன்றைய மாணவர்களுக்கு

காலம் மாறிவிட்டது. 1998-ல் வீட்டா கம்பெனியே வேல்யூவை முதலில் பார்க்கும்படி அடுக்கிய புதுக் கைடைக் கொண்டுவந்தது. ஸ்ப்ரௌல் சொன்னது இருபத்தைந்து வருஷம் கழித்துக் கைக்கு வந்தது. பல்லில் வைத்தால் ஷேடைச் சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றுக்குத் தம் சொந்த வெளிச்சம் உண்டு, நல்ல உதவிதான். ஆனால் கிரவுனைக் கடைசியாகப் பார்க்கப் போவது கருவி அல்ல, கல்யாண வீட்டு ஜனங்கள்.

எல்.இ.டி.யையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று ஜப்பானிய விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் கூரையில் எரியும் வெள்ளை எல்.இ.டி.களில் பெரும்பாலானவை நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசியவை. மலிவான வகையில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருக்கும். சி.ஆர்.ஐ. சராசரி போடுவது எட்டு மென்மையான நிறங்களுக்கு மட்டும். அடர் சிவப்பு அந்தச் சராசரியில் சேராது. ஈறும் உதடும் சூழ்ந்த பல்லைப் பார்க்கும் நமக்குச் சிவப்பு முக்கியம் இல்லையா? எனவே பெட்டியில் 80 என்று போட்டிருந்தால் திருப்தி அடைய வேண்டாம். 90-க்கு மேல், 5500 முதல் 6500 கெல்வின் வரை உள்ள விளக்காகக் கேளுங்கள்.

மற்றபடி பழைய பாடம்தான். ஷேடை முதலில் பாருங்கள், பல்லைச் சீவிய பிறகு பார்க்காதீர்கள். பல் காய்ந்துவிட்டால் வெளுத்துத் தெரியும். நாற்காலி விளக்கை அணையுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள், கண் அசந்துவிடும். நடுவில் சாம்பல் நிறத்தைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். ஒரு விளக்கில் பொருந்தியதை இன்னொரு விளக்கிலும் பாருங்கள். எந்த வெளிச்சத்தில், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதை லேப் சீட்டில் எழுதுங்கள். அந்த ஒரு வரி அன்று என் ரெக்கார்டிலும் அந்த மாணவர் ரெக்கார்டிலும் இருந்திருந்தால், இருவருமே திட்டு வாங்கியிருக்க மாட்டோம்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்த முறை கல்லூரிக்கு நாம் கொடுக்கப் போகும் நன்கொடையில் ஒரு சிறு பங்கை ஷேட் பார்க்கும் மூலைக்கு ஒதுக்கலாம். நல்ல பகல் விளக்கு இரண்டு, சாம்பல் வர்ணம் அடித்த சுவர், இஷிஹாரா புத்தகம் ஒன்று. முதலாண்டு மாணவர் அனைவரும் அதைப் பார்த்துவிடட்டும். குறை இருப்பவர் கூச்சப்பட வேண்டாம், பக்கத்து நண்பரின் கண்ணைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். கூடவே முடிந்தால் அந்த பிளைவுட்டையும் எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக் கொடுத்தால் ஏ.சி.யும் வீணாகாது, ஜன்னலும் திரும்பக் கிடைக்கும்.

அன்று என்னிடம் பேசிய தங்கைக்கு: உன் கண் நன்றாகத்தான் இருக்கும், அம்மா. எதற்கும் ஒரு தடவை சோதித்துக்கொள். ஆனால் அதற்கு முன்னால், தலையைத் தூக்கி மேலே எரிகிற விளக்கைப் பார்.